பங்குனியில் மறைந்து ஆடியில் திரும்பும் ரேகை

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பர்கூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் நியாயவிலைக் கடையில் என் அம்மா தம் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அந்தச் சிறிய கண்ணாடிப் பரப்பின்மேல் வைத்து எடுத்தார். வலது கட்டைவிரலில் தொடங்கி ஒரு சுற்று முடிந்ததும், விரல்களைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு மறு சுற்று வைத்தார். கருவி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் தந்தது. வரிசையில் நின்றவர்கள் அவரவர் அறிந்த வைத்தியத்தைச் சொன்னார்கள். ஈரத்துணியில் துடைத்து வை என்றார் ஒருவர், நெற்றியில் தேய்த்து வை என்றார் இன்னொருவர், அழுத்தாமல் வை என்று ஒரு குரலும் அழுத்தி வை என்று ஒரு குரலும் வந்தன. கடைசியில் விற்பனையாளர், “ஆயா, உங்க ரேகையே விழல. அடுத்த வாரம் வந்து பாருங்க” என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அம்மாவைப் பெயர் சொல்லி அறிந்தவர், என் திருமணத்துக்கு வந்து மொய் எழுதியவர். எதிரில் நிற்பவர் யார் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. ஆனால் அதைச் சொல்லும் அதிகாரம் அன்று அவரிடம் இல்லாமல் அவர் கையிலிருந்த கருவியிடம் இருந்தது.

அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். குடும்ப அட்டையில் அவர் பெயர் மட்டுமே உள்ளது. நான்கு பேர் உள்ள அட்டையில் ஒருவருக்கு ரேகை விழாவிட்டால் இன்னொருவர் போய் விரல் வைத்துவிடலாம். ஒற்றை ஆள் அட்டைக்கு அந்த வழி கிடையாது. அன்று இரவு தொலைபேசியில் பேசும்போது, “எனக்கு ரேகையே இல்லையாம்ப்பா” என்று, மருத்துவர் ஏதோ நோயைக் கண்டுபிடித்துச் சொன்னதை என்னிடம் தெரிவிப்பதுபோலச் சொன்னார். அந்தச் சொல் பல நாள் என்னை விட்டுப் போகவில்லை. அது உண்மைதானா என்று அறிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கைரேகையைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் அம்மாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விடை அங்கேதான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சாலையோரத்திலும் வரப்பிலும் நிற்கும் புளியமரங்கள் தை முடியும்போது உலுக்கப்படும். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் திண்ணைகளிலும் மண்டிகளிலும் பெண்கள் புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். காய்ந்த பழத்தின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கட்டையின்மேல் வைத்து இரும்பால் ஒரு தட்டு தட்டி, பிளந்த சதையிலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். வலது கை இரும்பைப் பிடித்திருக்கும். இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழத்தைப் பிடித்துத் திருப்பி, கொட்டையைத் தள்ளி, சதையைக் கூடையில் போடும். கூலி எடைக்கணக்கில் என்பதால் கை நிற்காது. புளியின் சதையில் உள்ள அமிலம் பித்தளைப் பாத்திரத்தின் களிம்பையே தேய்த்து எடுக்கக்கூடியது. அது நாள் முழுவதும் விரல் நுனியில் ஊறிக்கொண்டே இருக்க, ஓட்டின் சொரசொரப்பும் நாரின் இழுப்பும் அந்த ஊறிய தோலை மேலும் உராயும். பங்குனி பாதியில் அம்மாவின் விரல் நுனிகள் பளபளப்பாக, மெழுகு தடவியதுபோல இருக்கும். சிறுவயதில் அவர் என் கன்னத்தைத் தொடும்போது இருந்த அந்த வழுவழுப்பை, எல்லா அம்மாக்களின் கையும் அப்படித்தான் இருக்கும் என்றே எண்ணியிருந்தேன்.

விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. ஏறத்தாழ பத்தாவது வாரத்தில் தொடங்கி, ஐந்தாவது மாதம் முடிவதற்குள் அதன் வடிவம் முடிவாகிவிடும். நம் பாட்டிமார் குழந்தையின் விரலைப் பிடித்து, சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார்களே, அந்தச் சங்கும் சக்கரமும் தாயின் வயிற்றில் வரையப்பட்டவை. இதில் நான் கவனிக்காமல் இருந்த செய்தி ஒன்று உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் மேடு பள்ளங்கள் மேல்தோலில் இருந்தாலும், அவற்றின் அச்சு அடித்தோலில் இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தாலும் உதிர்ந்தாலும், ஏறத்தாழ நான்கு வாரங்களில், முதியவர்களுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், கீழிருந்து புதிய தோல் அதே அச்சில் வளர்ந்து மேலே வந்துவிடும். அடித்தோல் வரை ஆழமாக வெட்டுப்பட்டாலோ தீய்ந்தாலோதான் தழும்பு விழுந்து வடிவம் நிலையாகக் கெடும். வயது ஏற ஏறத் தோலின் இழுவைத்தன்மையும் ஈரப்பசையும் குறைந்து மேடுகள் தாழ்ந்துபோவதும் உண்மைதான். ஆனாலும் தாழ்ந்த மேடும் மேடுதான்.

இதைப் படித்த பிறகு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: இதற்கு முன்னால் எந்தெந்த மாதங்களில் இப்படி ஆயிற்று? அவர் யோசித்துச் சொன்ன பதில் எனக்கு வியப்பாக இருந்தது. தீபாவளிக்குப் பொருள் வாங்கும்போது ஒருமுறைகூடத் தகராறு வந்ததில்லை. பொங்கல் தொகுப்பு வாங்கும்போதும் இல்லை. வந்ததெல்லாம் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில்தான். சென்ற ஆண்டும் அப்படியே ஆயிற்று. சித்திரையோடு புளி வேலை முடிந்தது. ஆடி முதல் வாரத்தில் அதே கடையில், அதே கருவியில், வலது கட்டைவிரலை ஒரே ஒருமுறை வைத்தார், பில் வந்துவிட்டது. பங்குனியில் மறைந்த ரேகை ஆடியில் திரும்பி வந்திருந்தது. அப்படியானால் “ரேகையே இல்லை” என்று அவரிடம் சொன்னது பொய்யான செய்தி. உழைப்பின் பருவத்தில் கருவியால் படிக்க முடியவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

பிறவியிலேயே ரேகை இல்லாதவர்களும் உலகில் இருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்ற ஒரு சுவிட்சர்லாந்துப் பெண்ணின் முகம் கடவுச்சீட்டோடு பொருந்தியும், விரல்களில் பதிவு எடுக்க எதுவுமே இல்லாததால் அதிகாரிகள் திகைத்தனர். அவர் குடும்பத்தில் பலருக்கும் இதே நிலை. ஸ்மார்கேட்1 என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று 2011-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவர்களுக்கு உள்ளங்கையில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு என்பதைத் தவிர உடலில் வேறு குறையே இல்லை. எல்லையில் நிறுத்தப்படுவது ஒன்றுதான் துன்பம் என்பதால் மருத்துவர்கள் அதற்கு, குடியேற்றத் தாமத நோய் என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தார்கள். மருந்தாலும் ரேகை போகும். கேப்சிடபின் என்னும் புற்றுநோய் மாத்திரையை நெடுநாள் உட்கொண்டால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். அதை உட்கொண்டுவந்த 62 வயதுச் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார்.

இவை மருத்துவ இதழ்களில் இடம்பெற்ற அரிய நிகழ்வுகள். எங்கள் பக்கத்தில் நடப்பது அரியதும் இல்லை, இதழ்களில் வருவதும் இல்லை. பர்கூரிலிருந்து காவேரிப்பட்டணம் வரை கருங்கல் பட்டறைகளில் கல்லை அறுத்து மெருகேற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தூளும் நீரும் அவர்களின் கையையும் சேர்த்தே மெருகேற்றிவிடுகின்றன. பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையால் கலவை அள்ளுகிறார்கள். சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தின் காரம் தோலை அரித்துவிடும். சூளையில் செங்கல் அறுப்பவர்களுக்கும் இதே கதி. ஒருவர் உடலால் எவ்வளவு உழைக்கிறாரோ அவ்வளவுக்கு அவரைக் கருவி மறுக்கிறது. நாள் முழுவதும் கணினி முன் உட்காரும் என் விரலை அது முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்கிறது. இலவச அரிசி எனக்குத்தான் அவ்வளவாகத் தேவையில்லை.

கருவி எப்படி முடிவெடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விரலைக் கண்ணாடியில் வைத்தவுடன் உள்ளிருந்து வரும் ஒளியைக் கொண்டு மேடுகளின் படத்தை அது எடுக்கிறது. தோல் வறண்டிருந்தால் கண்ணாடியோடு சரியாக ஒட்டாமல் கோடுகள் அறுந்து அறுந்து விழும். தலையில் தேய்த்து வைக்கச் சொல்லும் பழக்கத்துக்கு அந்த அளவில் நியாயம் இருக்கிறது. பிறகு கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்ற புள்ளிகளைக் குறித்து, ஆதாருக்காக முன்பு பதிந்து வைத்ததோடு ஒப்பிடுவார்கள். ஒப்பீட்டின் முடிவு ஒரு மதிப்பெண்ணாகத்தான் வரும். இத்தனைக்கு மேல் வந்தால் அவரே இவர், கீழே வந்தால் இவர் அவர் இல்லை என்று எல்லைக்கோடு ஒன்றை மனிதர்கள்தான் வகுத்திருக்கிறார்கள். கோட்டை உயர்த்தினால் ஆள்மாறாட்டம் குறையும், உரியவர்கள் திருப்பி அனுப்பப்படுவது கூடும். தாழ்த்தினால் நேர்மாறாக ஆகும். இரண்டையும் ஒருசேர இல்லாமல் ஆக்கும் கோடு எந்தத் தொழில்நுட்பத்திலும் இல்லை. ஆதார் ஆணையமே 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்கில், நாடு முழுவதும் கைரேகைச் சரிபார்ப்பில் 6 விழுக்காடும் கருவிழிச் சரிபார்ப்பில் 8.54 விழுக்காடும் தோல்வி என்று இருந்தது. பொருந்தவில்லை என்றால் திரையில் 300 என்ற பிழை எண் வரும். அந்த எண் சொல்வது, இந்தப் படமும் அந்தப் பதிவும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே. அதைக் கடையில் மொழிபெயர்த்துச் சொல்லும்போதுதான் “உங்க ரேகையே விழல” என்று குற்றம் அம்மாவின் விரலுக்குப் போய்விடுகிறது.

இந்த ஏற்பாட்டின் தொடக்கமும் நம் நாட்டில்தான். வங்காளத்தின் ஜங்கிப்பூரில் 1858-இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைப் பணிக்குப் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம், பின்னாளில் கையெழுத்து தம்முடையது இல்லை என்று மறுத்துவிடக் கூடாது என்பதற்காக, முத்திரை மையைத் தடவி உள்ளங்கை முழுவதையும் ஒப்பந்தத்தின் பின்புறம் பதிய வைத்தார். 1877-இல் அவர் ஹூக்ளியில் இருந்தபோது ஓய்வூதியம் வாங்குபவர்களின் விரல் ரேகையை எடுக்கத் தொடங்கினார். இறந்தவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்குவதைத் தடுப்பது நோக்கம். ஆண்டுதோறும் முதியவர்கள் உயிரோடிருப்பதை விரல் வைத்து மெய்ப்பிக்கும் இன்றைய வழக்கத்தின் வேர் அது. தமிழகத்தில் இந்தப் பதிவுக்கு இன்னும் கசப்பான நினைவும் உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத் தென்மாவட்டத்து மக்கள் ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். தங்களைக் குற்றவாளிகளாகப் பதிந்துகொள்ள மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்கொடுத்தார்கள். அன்று ரேகை கொடுக்க மறுத்தவர்களைத் தண்டித்தது அரசு. இன்று கொடுக்க வந்தும் கொடுக்க முடியாதவர்கள் வெறும் பையோடு திரும்புகிறார்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொண்ணூறுகளில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகாமல் தருமபுரி மாவட்டத்தோடு இருந்த காலத்தில், எங்கள் தெருவுக்கு அறிவொளி வகுப்பு வந்தது. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் விளக்கடியில் உட்கார்ந்து அம்மா எழுத்துக்கூட்டப் படித்தார். கைநாட்டு என்ற சொல்லின் வலி அவருக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் என் மதிப்பெண் அட்டையில் மை தடவிக் கட்டைவிரலை உருட்டிவிட்டு, அந்த மையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தவர் அவர். தம் பெயரின் நான்கு எழுத்தையும் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு, எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். பங்குனியில் விரல் விழாத அன்று, “நான் கையெழுத்தே போடுறேனே சார்” என்று விற்பனையாளரிடம் கேட்டிருக்கிறார். அதை வாங்கிக்கொள்ள அந்தக் கருவியில் இடமில்லை.

கைரேகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்காத சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் பில் போட்டதாகக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்த காலத்தை எங்கள் ஊரார் மறக்கவில்லை. 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்தது. என் அம்மாவின் அரிசியை இன்னொருவர் எடுத்துக்கொள்ளாமல் காக்கும் பூட்டாக ரேகை இருக்கட்டும். ஆனால் பூட்டுக்கு உரியவரே சாவி இல்லாமல் வாசலில் நிற்கும்போது, அவரை உள்ளே விடும் பொறுப்பு பூட்டியவருடையது. எழுத்தில் அந்தப் பொறுப்பு இருக்கவும் செய்கிறது. ரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவருக்குப் பயனை மறுக்கக் கூடாது, கருவிழி, ஓ.டி.பி. போன்ற வேறு வழிகளில் சரிபார்க்க வேண்டும், அவையும் இயலாவிட்டால் பதிவேட்டில் குறித்துக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 அக்டோபர் 24 அன்று சுற்றறிக்கை விட்டது. விரல்களே இல்லாத கேரளப் பெண் ஒருவருக்கு ஆதார் மறுக்கப்பட்டு, 2023 டிசம்பரில் மத்திய அமைச்சகம் தலையிட்டபோது, விரல் இல்லாதவர்களைக் கருவிழியைக் கொண்டே பதியலாம் என்பது மீண்டும் தெளிவாக்கப்பட்டது. விதி இருந்தும் என் அம்மா இரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்பினார் என்றால், அது கடையின் சுவரில் எழுதப்படவில்லை, அவரிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை என்பதே காரணம். ஓ.டி.பி. வரவேண்டிய எண்ணோ அப்பாவின் பழைய கைப்பேசியுடையது; அவர் இறந்த பிறகு அந்த எண் அணைந்துபோய்விட்டது.

நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன். வேறு யாருக்காவது உதவும். முதல் வேலையாக என் எண்ணை அவருடைய குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் இணைத்தேன். அடுத்து, வெளியில் வாங்கிய ஒரு கருவி வைத்திருக்கும் வங்கி முகவரிடம் அழைத்துப்போய், எந்த விரல் நன்றாக விழுகிறது என்று பொறுமையாகப் பார்த்தோம். அது புளி முடிந்து சில நாள்தான் ஆன நேரம். கட்டைவிரல் இரண்டும், ஆள்காட்டி விரல் இரண்டும் விழவில்லை. இடது கை மோதிர விரல் முதல் தடவையிலேயே விழுந்தது. பிறகுதான் புரிந்தது: பழத்தைப் பிடித்துத் திருப்பும் வேலையில் அந்த விரல் மடங்கி ஒதுங்கியே இருக்கும். எங்கும் கட்டைவிரலைத்தான் முதலில் கேட்கிறார்கள். மோதிர விரலை அவசரத்தில் சரியாக வைக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். இப்போது அவருடைய அட்டையின் உறையில் “இடது மோதிர விரல்” என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கடைக்குப் போகும் முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். தமக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் படிவத்தையும் நிரப்பி, பக்கத்து வீட்டுச் சித்தியின் பெயரைக் கொடுத்தோம். அந்தப் படிவத்தில் அம்மா கையெழுத்துத்தான் போட்டார், நான்கு எழுத்தும் பிசகாமல்.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, எழுபது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே பொருள் வரத் தொடங்கியது பெரிய ஆறுதல். வண்டியோடு கருவியும் வருகிறது என்பதால் விரலின் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் விழாவிட்டால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டிய நிலை இல்லை. வண்டியில் வரும் தம்பியிடம் அம்மா முதலிலேயே இடது கையை நீட்டிவிடுகிறார்.

இந்த ஆண்டு மாசியில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் புளி குவிந்திருந்தது. இனி வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், சும்மா இருந்தால் கை வலிக்கிறது என்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அவருடைய இடது கை மோதிர விரலில் பழைய வேட்டித் துணி ஒன்று சுற்றி நூலால் கட்டியிருந்தது. வெட்டிக்கொண்டாரோ என்று பதறிக் கையைப் பிடித்தேன். காயம் எதுவும் இல்லை. “அது கடைக்குன்னு வெச்சிருக்கற விரலுப்பா” என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு அடுத்த பழத்தை எடுத்தார்.